பத்து மில்லிமீட்டரைத் தாண்டும்போது: கருவின் மூளை ஸ்கேனும் குழந்தையின் பிற்கால வளர்ச்சியும்

கர்ப்பத்தின் 18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கப்படும் அனாமலி ஸ்கேனில் சிசுவின் உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பார்க்கப்படும்போது, மூளைக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே. அந்த நிமிடங்களில் எடுக்கப்படும் அளவுகளில் ஒன்று, வென்ட்ரிக்கிள் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் பக்க அறையின் அகலம். அறிக்கையில் அது 7 அல்லது 8 மில்லிமீட்டர் என்று இருந்தால் யாரும் அதை இரண்டாம் முறை படிப்பதில்லை. 10.6 என்று இருந்தால் அந்தக் குடும்பத்தின் அடுத்த சில வாரங்கள் முற்றிலும் வேறாகிவிடுகின்றன. மறு ஸ்கேன், பனிக்குட நீர்ப் பரிசோதனை, எம்ஆர்ஐ, மரபணு ஆலோசனை என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இவற்றுக்கிடையே உறவினர்களின் கேள்விகளும் உண்டு. குழந்தை நடக்குமா, பேசுமா, பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்குமா என்பதைத்தான் பெற்றோர் அறிய விரும்புகிறார்கள். ஸ்கேன் காட்டுவதோ ஒரு குறிப்பிட்ட வாரத்தில் மூளை எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே. வடிவத்திலிருந்து வாழ்க்கையைக் கணிப்பது எவ்வளவு தூரம் சாத்தியம் என்பதை மருத்துவம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறது. இதுவரை தெரியவந்திருப்பவை பெரும்பாலான பெற்றோர் அஞ்சுவதைவிட ஆறுதலானவை. ஆனால் அந்த ஆறுதலுக்குச் சில நிபந்தனைகள் உண்டு.

மூளைக்குள் நீர் நிறைந்த நான்கு அறைகள் இருக்கின்றன. அவற்றுள் பெரியவை இடப்பக்கமும் வலப்பக்கமும் அமைந்த இரண்டு பக்க அறைகள். கோராய்டு பிளெக்ஸஸ் எனப்படும் இரத்தநாளக் கொத்து இந்த நீரைச் சுரக்கிறது. அது அறைகளின் வழியாகக் கீழிறங்கி, மூளையின் வெளிப்பரப்பைச் சுற்றி வந்து, மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே சிசுவின் தலைக்குள் நீர் இருப்பது இயல்பான நிலை. அது இல்லாமல் மூளை வளரவே முடியாது. அந்த அறைகள் எதிர்பார்த்ததைவிட அகன்றிருப்பதைத்தான் வென்ட்ரிக்குலோமெகாலி என்கிறார்கள். அதை ஹைட்ரோசெபாலஸ், அதாவது நீரோட்டம் தடைபட்டு அழுத்தம் கூடித் தலை வீங்கும் நிலை, என்று எண்ணிக்கொள்வதால் வரும் அச்சம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டும் ஒன்றல்ல. அகன்ற அறை உள்ள சிசுக்களில் மிகச் சிலருக்கே அழுத்தம் கூடும் நிலை இருக்கிறது.

10 மில்லிமீட்டர் என்னும் எல்லை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் பொருளும் விளங்கும். 1988இல் சான் பிரான்சிஸ்கோவில் கார்டோசா, கோல்ட்ஸ்டைன், ஃபில்லி ஆகிய மூவரும், இயல்பான சிசுக்களின் பக்க அறையை ஏட்ரியம் எனப்படும் பின்பகுதியில் அளந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரி அகலம் 7.6 மில்லிமீட்டர்; அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் 0.6 மில்லிமீட்டர். சராசரியிலிருந்து நான்கு திட்ட விலக்கம் மேலே சென்றால் 10 வருகிறது. மூளை மாதந்தோறும் பெரிதானாலும் இந்த இடத்தின் அகலம் நாலாம் மாதத்திலிருந்து பிரசவம் வரை ஏறக்குறைய மாறாமலே இருப்பதால், எல்லா வாரங்களுக்கும் பொருந்தும் ஒரே எண்ணாக 10 நிலைபெற்றது. பிற்காலத்தில் வேறு பல சிசுக் குழுக்களில் எடுத்த அளவுகளில் பரவல் இதைவிட அகலமாகவே இருந்தது. அதனால் 10 என்பது சில ஆய்வுகளின்படி சராசரியிலிருந்து இரண்டரைத் திட்ட விலக்கத் தொலைவில்தான் நிற்கிறது. இந்த எல்லை புள்ளியியலால் வரையப்பட்டது. 9.9இல் ஆரோக்கியமாக இருக்கும் மூளை 10.1இல் நோயுற்றதாக மாறிவிடும் உயிரியல் நிகழ்வு எதுவும் அங்கே இல்லை.

அளக்கும் முறையிலேயே இடறல்கள் பல. தலையின் குறுக்குவெட்டு சரியான தளத்தில் கிடைக்க வேண்டும்; அளவுக்குறிகள் அறையின் உட்சுவரிலிருந்து உட்சுவருக்கு, அறையின் நீளவாட்டத்துக்குச் செங்குத்தாக வைக்கப்பட வேண்டும். தளம் சற்றுச் சாய்ந்தாலோ, குறிகள் சுவருக்கு வெளியே விழுந்தாலோ எண் பெரிதாகிவிடும். ஸ்கேன் கருவிக்கு அருகிலுள்ள பக்கத்து மூளையை மண்டையோட்டின் எதிரொலி மறைத்துவிடுவதால், வழக்கமாகத் தொலைவிலுள்ள பக்கமே அளக்கப்படுகிறது. ஒரு பக்க அறை மட்டும் அகன்றிருக்கும் சிசுக்கள் சிலர் இதனாலேயே கணக்கில் வராமல் போகிறார்கள். ஒரே சிசுவைத் திறமையான இருவர் அளந்தாலும் மில்லிமீட்டரின் பின்னங்கள் மாறுவது இயல்பு. ஆகவே 10.2 என்ற ஒற்றை எண்ணைப் பார்த்ததும் குழந்தையின் எதிர்காலத்தைப் பேசத் தொடங்குவது முறையல்ல. அனுபவமுள்ள வேறொருவர் மறுபடி அளப்பதே முதல் வேலை.

ஆண் சிசுக்களின் பக்க அறைகள் பெண் சிசுக்களினுடையதைவிடச் சராசரியில் சற்று அகலமானவை. எல்லையை மெல்லத் தாண்டும் சிசுக்களில் ஆண்கள் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் சிசுவின் பாலினத்தைச் சொல்வதைத் தடை செய்கிறது. பெண் குழந்தைகளைக் காக்க அந்தத் தடை அவசியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தச் சிறு விளக்கத்தை மருத்துவர் தம் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அகலத்தை வைத்துச் செய்யப்படும் பாகுபாடு எளிமையானது. 10 முதல் 12 வரை லேசானது, 13 முதல் 15 வரை நடுத்தரமானது, 15க்கு மேல் கடுமையானது. எண்ணைவிட முக்கியமானது, அறை அகன்றதற்குக் காரணம் இருக்கிறதா என்பது. நீர் வெளியேறும் குறுகிய வழி அடைபட்டிருக்கலாம். இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் உருவாகாமல் போயிருக்கலாம். முதுகுத்தண்டு மூடாமல் விட்டதன் விளைவு தலையில் தெரியலாம். கருவிலேயே மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டிருக்கலாம். லேசான, நடுத்தர அகலத்துக்குக்கூட ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து சிசுக்களில் டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் மாற்றம் காரணமாக இருக்கிறது. சிறு பங்கினரிடம் சைட்டோமெகலோவைரஸ் அல்லது டாக்ஸோபிளாஸ்மா தொற்று காணப்படுகிறது. அதனால்தான் தாயின் இரத்தப் பரிசோதனையும் பனிக்குட நீர்ப் பரிசோதனையும் பரிந்துரைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் உறவுக்குள் மணம் செய்வோர் இன்றும் ஏராளம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 28 பேர். பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே மரபணுப் பிழை வந்து சேரும் வாய்ப்பு அங்கே கூடுவதால், குடும்ப மரத்தை வரைந்து கேட்பது சடங்காக முடிந்துவிடக் கூடாது.

இவற்றுள் எதுவும் அகப்படாதபோது அறிக்கை அதைத் தனித்த வென்ட்ரிக்குலோமெகாலி என்று குறிப்பிடுகிறது. அறை மட்டுமே அகலம். மற்ற அனைத்தும் இயல்பு. ஒரு சிசுவின் நிலை தனித்ததா என்பது, தேடியவர் எவ்வளவு நேரம், எவ்வளவு திறமையோடு, எத்தகைய கருவியால் தேடினார் என்பதைச் சார்ந்தது. 2014இல் பகானி, திலகநாதன், பிரெஃபூமோ ஆகியோர், தனித்த லேசான அகலம் உடைய ஏறத்தாழ 700 சிசுக்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். அவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, கருவில் காணப்படாத வேறு மாற்றம் ஒன்று பிறந்த பிறகு தெரியவந்தது. வளர்ச்சித் தாமதம் காணப்பட்டவர்கள் 7.9 விழுக்காட்டினர். நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இயல்பாகவே வளர்ந்தார்கள்.

இந்த 7.9 என்ற எண்ணை எப்படி வாசிப்பது என்பதில்தான் ஆலோசனையின் நேர்மை அடங்கியிருக்கிறது. குழந்தை வளர்ச்சியை அளக்கப் பரவலாகப் பயன்படும் பெய்லி அளவுகோலின் சராசரி 100, திட்ட விலக்கம் 15. அந்த அமைப்பின்படியே, ஸ்கேனில் எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேர் 85க்குக் கீழேயும் இரண்டு பேர் 70க்குக் கீழேயும் இருப்பார்கள். தாமதம் என்று எந்தக் கோட்டை ஓர் ஆய்வு வரைந்துகொள்கிறது என்பதைப் பொறுத்து அதன் முடிவு மாறிவிடும். எனவே 7.9 விழுக்காடு முழுவதையும் அகன்ற அறையின் கணக்கில் எழுதிவிட முடியாது. அதில் ஒரு பகுதி எந்தக் கர்ப்பத்திலும் இருக்கக்கூடிய பொதுவான வாய்ப்பு. உண்மையிலேயே தனித்ததாக இருக்கும்போது அபாயம் பொதுமக்களினுடையதை ஒத்திருக்கலாம் என்பதே அந்த ஆய்வாளர்களின் கருத்து. அமெரிக்காவின் தாய்–சேய் மருத்துவச் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், லேசான அகலத்தில் இயல்பான வளர்ச்சிக்கான வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு மேல் என்றும், நடுத்தர அகலத்தில் 75 முதல் 93 விழுக்காடு வரை என்றும் பெற்றோரிடம் சொல்லச் சொல்கிறது. ஆயினும் ஏறத்தாழ ஆறில் ஒரு சிசுவுக்கு அகலம் அடுத்த வாரங்களில் கூடுகிறது; அப்படிக் கூடும்போது எதிர்பார்ப்பும் மாறுகிறது. ஒரே ஸ்கேனோடு முடிவுக்கு வராமல் மூன்று, நான்கு வார இடைவெளியில் மீண்டும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இந்த ஆய்வுகளின் குறைகளையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். மோசமான கணிப்பு கூறப்பட்ட கர்ப்பங்கள் பல நாடுகளில் கலைக்கப்பட்டுவிடுவதால், பின்தொடரப்படும் குழந்தைகள் முழுக் கூட்டத்தையும் பிரதிபலிப்பதில்லை. பல ஆய்வுகள் குழந்தையை இரண்டு அல்லது மூன்று வயதோடு விட்டுவிடுகின்றன. இரண்டு வயதில் நடை, சொற்கள், பொருள்களைக் கையாளுதல் ஆகியவற்றை அளக்கலாம். வாசிப்பு, கணக்கு, கவனம், பிறரோடு பழகும் நுட்பம் ஆகியவற்றை அளக்க முடியாது.

கார்பஸ் கலோசம் இல்லாத குழந்தைகள் இதற்குத் தெளிவான உதாரணம். ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் கொண்ட அந்தப் பாலம் கர்ப்பத்தின் பதினோராம் வாரத்துக்குப் பின் உருவாகத் தொடங்கி இருபதாம் வாரவாக்கில் தன் முழு வடிவத்தைப் பெறுகிறது. அது உருவாகாதபோது அரைக்கோளங்கள் விலகி, பக்க அறையின் பின்பகுதி கண்ணீர்த்துளி வடிவில் அகல்கிறது. பல சிசுக்களில் வென்ட்ரிக்குலோமெகாலி என்று தொடங்கும் தேடல் இங்கே வந்து முடிவது வழக்கம். வேறெந்தக் கோளாறும் இல்லாமல் இது மட்டும் இல்லாத குழந்தைகளில் ஏறத்தாழ 70 முதல் 75 விழுக்காட்டினரின் வளர்ச்சி இயல்பு வரம்பில் இருப்பதாகத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. மூளையின் மிகப்பெரிய இணைப்பு முழுவதும் இல்லாமலே ஒரு குழந்தை பேசி, ஓடி, பள்ளி சென்று படிக்கிறது என்பதை முதன்முதலில் அறியும் எவரும் வியப்படைவார்கள். கருவிலேயே பாதைகளை மாற்றியமைத்துக்கொள்ளும் இளம் மூளையின் ஆற்றலுக்கு இதைவிட வலுவான சான்றைக் காண்பது அரிது.

ஆனால் பிரான்சில் மூத்தார் தலைமையிலான குழு, கருவிலேயே இந்த நிலை கண்டறியப்பட்ட குழந்தைகளைப் பத்து வயது வரை பின்தொடர்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு, அந்த வியப்போடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறது. பெரும்பாலோரின் அறிவுத்திறன் இயல்பு வரம்புக்குள்ளேயே இருந்தது. ஆயினும் பள்ளிப் பருவத்தில் கற்றல் இடர்ப்பாடுகள் பலரிடம் தென்பட்டன. மழலையில் குறையின்றித் தோன்றிய குழந்தை, பல செயல்களை ஒருங்கிணைத்து விரைவாகச் செய்ய வேண்டிய வயது வந்தபோது திணறியது. இந்தக் குழந்தைகளைப் பற்றி இரண்டு வயதில் எழுதப்படும் நற்செய்தி உண்மையானதே. அது முழுமையானது என்று சொல்ல இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. கோராய்டு பிளெக்ஸஸில் தோன்றும் சிறு நீர்க்கட்டிகள் ஐந்தாம் மாத ஸ்கேனில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு சிசுக்களிடம் காணப்படுகின்றன. டிரைசோமி 18 என்னும் கடுமையான குரோமோசோம் கோளாறு உள்ள சிசுக்களிடமும் இவை காணப்படுவதால் ஒரு காலத்தில் பெரும் கவலையைத் தந்தன. அந்தக் கோளாறு இருந்தால் இதயம், கைவிரல்கள் என்று வேறு இடங்களிலும் அடையாளம் தெரியும். கட்டிகள் மட்டும் இருந்து மற்றவை இயல்பாக இருந்தால், அவை பெரும்பாலும் 28ஆம் வாரத்துக்குள் மறைந்துவிடும். குழந்தையின் வளர்ச்சியை அவை பாதிப்பதில்லை. இதை அறிக்கையில் எழுதும் மருத்துவர், பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற வரியையும் அதே பத்தியில் சேர்த்து எழுதினால் எத்தனையோ உறக்கமற்ற இரவுகள் மிச்சமாகும்.

இருபதாம் வார ஸ்கேனால் ஏன் இதற்கு மேல் சொல்ல முடிவதில்லை என்பதற்குப் பதில் மூளையின் கால அட்டவணையில் இருக்கிறது. அந்த வாரத்தில் மூளையின் புறப்பரப்பு ஏறக்குறைய வழவழப்பாகவே இருக்கிறது. நரம்பணுக்கள் அறைகளின் சுவரில் பிறந்து வெளிப்பரப்பை நோக்கி நகரும் பயணம் பெருமளவு முடிய 24ஆம் வாரம் ஆகிறது. மடிப்புகளில் முக்கியமான மையப் பள்ளம் 26ஆம் வாரத்தை ஒட்டித்தான் தெளிவாகப் புலப்படுகிறது. மடிப்புகள் குறைவாகவோ தாறுமாறாகவோ உருவாகும் கோளாறுகளை, மடிப்புகளே தோன்றாத வாரத்தில் உறுதியாகக் கண்டறிய வழியில்லை. நரம்பணுக்களுக்கிடையிலான இணைப்புகளில் பெரும்பகுதி பிறந்த பிறகு உருவாகிறது. நரம்பிழைகளுக்கு மயலின் உறை பூசப்படும் வேலை இளமைப் பருவம் வரை நீள்கிறது. பேச்சும் நினைவும் நடத்தையும் இந்தப் பிற்காலப் பணிகளில் வேரூன்றியவை. ஐந்தாம் மாதத்தில் எடுக்கும் படம், அவை தொடங்குவதற்கு முந்தைய நிலையைப் பதிவு செய்கிறது.

எம்ஆர்ஐ இந்த இடைவெளியை ஓரளவு குறைத்திருக்கிறது. சிசு அசைந்தாலும் ஒரு நொடிக்குள் படமெடுக்கும் விரைவு முறைகள் 1990களில் வந்த பிறகே அது கருவின் மூளைக்கு நடைமுறையில் பயன்படத் தொடங்கியது. பிரிட்டனில் ஷெஃபீல்டின் கிரிஃபித்ஸ் தலைமையில் 16 மையங்கள் இணைந்து நடத்திய மெரிடியன் ஆய்வு 2017இல் வெளிவந்தது. மூளைக் கோளாறு இருக்கலாம் என்று ஐயுற்ற 570 சிசுக்களில் அல்ட்ராசவுண்ட் சொன்னது 68 விழுக்காட்டினரிடமும், எம்ஆர்ஐ சொன்னது 93 விழுக்காட்டினரிடமும் சரியாக இருந்தது. சிசுவின் மூளையை அல்ட்ராசவுண்டால் விரிவாக ஆராயும் நியூரோசோனோகிராஃபி நிபுணர்கள் இந்த ஒப்பீட்டை ஏற்கத் தயங்கினார்கள். எம்ஆர்ஐயைப் படித்தவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் முடிவு முன்பே தெரிந்திருந்தது. ஒப்பிடப்பட்டதும் மூளைக்கென்றே பல தளங்களில் செய்யப்படும் விரிவான ஸ்கேன் அல்ல. அத்தகைய விரிவான ஸ்கேன் செய்யப்பட்ட சிசுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு 2020இல் பல நாட்டு மையங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், லேசான, நடுத்தர அகலம் உடையவர்களில் எம்ஆர்ஐ மட்டுமே கண்டுபிடித்த கூடுதல் மாற்றம் 5.4 விழுக்காட்டினரிடம்தான் இருந்தது. திறமையான கை ஒன்று முதலில் ஸ்கேன் செய்துவிட்டால் எம்ஆர்ஐ சேர்ப்பது சிறிதளவு. அந்தக் கை கிடைக்காத ஊர்களில் எம்ஆர்ஐ சேர்ப்பது மிகுதி. நம் மாவட்டங்களின் நிலையை நினைத்துப் பார்த்தால், விலையுயர்ந்த இயந்திரத்தைவிடப் பயிற்சி பெற்ற ஆளுக்கே முதலிடம் தர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

படத்தில் எல்லாம் இயல்பாக இருந்தும் மூளையின் உள்ளே நுட்பமான வேறுபாடு இருக்குமா என்ற கேள்வி இப்போது ஆய்வுகளின் நடுவே நிற்கிறது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கில்மோரின் குழு, கருவில் லேசான அகலம் காணப்பட்ட குழந்தைகளைப் பிறந்த சில வாரங்களில் எம்ஆர்ஐ செய்து, அவர்களுடைய அறைகள் மட்டுமல்லாமல், நரம்பணுக்கள் செறிந்த சாம்பல்நிறப் பொருளும் சராசரியைவிடப் பெரிதாக இருப்பதை 2008இல் பதிவு செய்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வும் 2014இல் கருவிலேயே அத்தகைய மிகை வளர்ச்சியைக் கண்டது. தேய்ந்துபோன மூளையைச் சுற்றி நீர் நிறைவதாகப் பலர் கற்பனை செய்வதற்கு இது நேர் எதிரானது.

இயல்பு என்பதே முதலில் வரையறுக்கப்பட வேண்டும் என்ற எண்ணத்தில் ஆக்ஸ்ஃபோர்டு தலைமையில் உருவான இன்டர்குரோத்–21 திட்டத்தின் பணி இங்கே குறிப்பிடத்தக்கது. நாக்பூர், நைரோபி, மஸ்கட், பெலோட்டாஸ், டூரின், சியாட்டில், ஆக்ஸ்ஃபோர்டு, பெய்ஜிங்கின் ஷுன்யி ஆகிய எட்டு இடங்களில் ஆரோக்கியமான தாய்மாரின் சிசுக்கள் முப்பரிமாண ஸ்கேன் செய்யப்பட்டு, பிறந்து இரண்டு வயது வரை வளர்ச்சி நன்றாக இருந்தவர்களின் படங்களைக் கொண்டு மட்டும் ஒரு மூளை வரைபடம் ஆக்கப்பட்டது. 899 சிசுக்களின் 1,059 படங்களிலிருந்து உருவான அது 2023இல் வெளிவந்தது. மூளை அளவுகளில் காணப்பட்ட மொத்த வேறுபாட்டில் எட்டு விழுக்காட்டுக்கும் குறைவானதே இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு. மீதமெல்லாம் ஒரே ஊருக்குள் ஒரு சிசுவுக்கும் இன்னொரு சிசுவுக்கும் இடையிலான வேறுபாடு. நாக்பூர்ச் சிசுவுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுச் சிசுவுக்கும் தாய் நலமாக இருந்தால் மூளை ஒரே பாதையில் வளர்கிறது என்பதும், அந்தப் பாதைக்குள் நலமான சிசுக்களுக்கிடையே தாராளமான இடம் இருக்கிறது என்பதும் ஒரே எண்ணிலிருந்து தெரிகிறது. இடது, வலது அரைக்கோளங்களின் சமச்சீரின்மை 14ஆம் வாரத்திலேயே தொடங்கி, மொழியோடு தொடர்புடைய பகுதிகளில் 20 முதல் 26 வாரங்களுக்குள் உச்சம் பெறுவதும் அதில் தெரியவந்தது.

ஆட்டிசத்தைக் கருவிலேயே காண முடியுமா என்று கேட்போரும் பெருகியிருக்கிறார்கள். இஸ்ரேலின் பென்–குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிற்காலத்தில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட குழந்தைகளின் பழைய அனாமலி ஸ்கேன்களைத் திரும்பப் பார்த்தபோது, அவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரிடம் மூளை, இதயம், சிறுநீரகம் போன்றவற்றில் ஏதோ ஒரு மாற்றம் பதிவாகியிருந்தது. பொதுக் குழந்தைகளில் அது ஏறத்தாழ 10 விழுக்காடு. செய்தித்தாள்கள் இதை முன்கூட்டியே கண்டறியும் வழி என்று எழுதின. கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆயிரம் குழந்தைகளில் 20 பேருக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஆறு பேரின் ஸ்கேனில் மாற்றம் இருக்கும். மீதி 980 பேரில் 98 பேரிடமும் மாற்றம் இருக்கும். மாற்றம் காணப்பட்ட 104 பேரில் ஆட்டிசம் உள்ளவர்கள் ஆறு பேர் மட்டுமே. ஆட்டிசம் உள்ள 14 பேரின் ஸ்கேனோ முற்றிலும் இயல்பாக இருந்திருக்கும். கூட்டத்தைப் பற்றிய அறிவுக்கு இந்த ஆய்வு மதிப்புள்ளது. ஒரு தாயிடம் அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்ல இதைப் பயன்படுத்துவது தவறு.

முடிவெடுக்கும் காலத்தைச் சட்டம் வரையறுப்பதால், படத்தின் நிச்சயமின்மை இன்னும் கூர்மையாகிறது. இந்தியாவில் 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டு, குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை அனுமதி விரிந்தது. அதற்கு அப்பால், சிசுவுக்குக் கணிசமான கோளாறு உண்டு என்று மருத்துவக் குழு முடிவு செய்தால் மட்டுமே அனுமதி. மூளையின் மடிப்புகள் தெளிவாகத் தெரியும் 28 முதல் 32 வாரங்களில் எடுக்கும் எம்ஆர்ஐதான் நம்பகமான விடை தரும். ஆனால் இருபதாம் வாரத்திலேயே பதில் வேண்டும் என்ற அவசரம் குடும்பத்தை நெருக்குகிறது. 10.8 மில்லிமீட்டர் அகலத்தோடு, வேறெந்தக் குறையுமின்றி இருக்கும் சிசுவை இந்த அவசரத்தில் இழந்துவிடும் அபாயம் உண்மையானது. உயிர்வாழவே இயலாத கோளாறு உள்ள கர்ப்பத்தைத் தாங்கும் தாய் தாமதமான முடிவால் படும் துயரமும் அதே அளவு உண்மையானது. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இதே அறிக்கையைப் பெறும் தாய்க்கு ஸ்கேன் செய்தி முழுவதும் ஆயத்தத்துக்கானது: பிரசவம் எங்கே நடக்க வேண்டும், பச்சிளங்குழந்தை மருத்துவர் உடனிருக்க வேண்டுமா, பிறந்தவுடன் எந்தப் பரிசோதனைகள் தேவை என்பவை.

உண்மையில் எங்கிருந்தாலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்த ஆயத்தமே ஸ்கேனின் மெய்யான பயன். ஆனால் குழந்தை பிறந்து அழுது பால் குடித்ததும் கர்ப்பகால அறிக்கை பீரோவுக்குள் போய்விடுகிறது. மகப்பேறு மருத்துவர் கண்டதைக் குழந்தை மருத்துவர் அறிவதே இல்லை. அந்த அறிக்கையைக் குழந்தை மருத்துவரிடம் முதல் வாரத்திலேயே காட்ட வேண்டும். உச்சிக்குழி திறந்திருக்கும்போதே அதன் வழியாக எளிய தலை ஸ்கேன் எடுத்துவிடலாம். தலைச் சுற்றளவை மாதந்தோறும் அட்டையில் குறிக்கலாம். கருவிலேயே சைட்டோமெகலோவைரஸ் தொற்று ஏற்பட்டதா என்பதை, பிறந்து 21 நாட்களுக்குள் எடுக்கும் உமிழ்நீர் அல்லது சிறுநீர் மாதிரி மட்டுமே உறுதியாகச் சொல்லும். அந்தத் தொற்றால் வரும் செவித்திறன் இழப்பு பிறந்த பிறகு மெல்ல மெல்ல வெளிப்படக்கூடும் என்பதால், முதல் செவிப் பரிசோதனை சரியாக இருந்தாலும் பின்னர் மீண்டும் செய்ய வேண்டும். இந்தியாவில் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் 18 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இயன்முறை, பேச்சு, செவி, பார்வை தொடர்பான பரிசோதனையும் சிகிச்சையும் கட்டணமின்றித் தருகின்றன. ஆறு மாதத்தில் தலை நிற்காமலிருந்தாலோ, ஒன்றரை வயதில் நடக்காமலிருந்தாலோ, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமலிருந்தாலோ அங்கே போகலாம். கர்ப்பத்தில் மூளை மாற்றம் பதிவான குழந்தையைப் பொறுத்தவரை அந்தத் தாமதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முதலாம் வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசிக்கும் வயதில் இன்னொரு முறை மதிப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டும். அப்போது ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கை கையோடு இருக்க வேண்டும்.